தண்டல் வராத நிரை: கெர்னல் டிக் கேள்வி பதில்

போன வாரம் நம் குழுவில் ஒரு குறிப்பு எழுதினேன். செம்பனை ஆலை சென்சார்களை இடைவிடாமல் வாசிக்கும் ஒரு லினக்ஸ் நிரலுக்குத் தனியாக ஒரு கோரை (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று) ஒதுக்கி, அங்கே கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) டைமர் டிக்கை, அதாவது குறித்த இடைவெளியில் வேலையை இடைமறிக்கும் துடிப்பை, நிறுத்திய கதை அது. "டிக் என்பது தண்டல் மாதிரி, வேலை செய்கிறவனை வினாடிக்கு 250 முறை எட்டிப் பார்க்கும்" என்று ஒரு வரி சேர்த்தேன். (தண்டல் என்றால் தோட்டத்தில் நிரை நிரையாக, அதாவது மரவரிசை வரிசையாக, வேலையைப் பார்க்க வரும் மேற்பார்வையாளர்.) மலேசியாவில் லூனாஸ் பக்கம் தண்டலைப் பற்றி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில்.

அண்ணே, 'ஐசோல்சிபியுஸ்' போட்டும் டிக் நிற்கவில்லை. ஏன்? (கூலிம்)

அது பூட் வரியில் (கெர்னல் கிளம்பும்போது அதற்குத் தரும் கட்டளை வரி) போடும் அமைப்புதான், டிக்கை நிறுத்தும் சாவி இல்லை தம்பி. "இந்தக் கோரில் வேறு வேலையைத் தள்ளாதே" என்று ஷெட்யூலருக்கு (எந்த வேலை எந்தக் கோரில் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் கெர்னல் பகுதி) சொல்வதோடு அதன் பொறுப்பு முடிந்தது. டிக்கை நிறுத்த 'நோஹெச்இசட் ஃபுல்' வேண்டும். 2013இல் வந்த 3.10 கெர்னலிலிருந்து இருக்கிறது. கெர்னலைக் கட்டும்போதே அந்த வசதியைச் சேர்த்திருக்க வேண்டும், பூட் வரியில் கோர் எண்ணையும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஆர்சியூ என்ற கெர்னல் பகுதியின், பழைய தரவைத் துடைப்பது போன்ற பின்வேலைகளும் அந்தக் கோரை விட்டு விலகிவிடும். நெட்வொர்க் அட்டை, டிஸ்க் போன்றவற்றின் இன்டரப்ட்களை (கோரின் கவனத்தைக் கேட்டு வரும் குறுக்கீடுகள்) மட்டும் நீங்கள்தான் வேறு கோருக்குத் திருப்ப வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கோரில் ஓடத் தயாராக ஒரே ஒரு வேலைதான் இருக்கலாம். இரண்டாவது ஆள் வந்து நின்றால் யாருக்கு எப்போது முறை என்று பார்க்க டிக் திரும்பி வந்துவிடும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

எதை மாற்றும் முன்பும் அளந்து பாருங்கள். ப்ராக் அடைவில் 'இன்டரப்ட்ஸ்' கோப்பைத் திறந்து, 'எல்ஓசி' வரியில் (கோரின் சொந்த டைமர் எத்தனை முறை குறுக்கிட்டது என்ற கணக்கு) உங்கள் கோருக்கு நேரே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது பத்து வினாடி கழித்து மறுபடி பாருங்கள். 250 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 250 டிக்) கெர்னலில் சுமார் 2,500 கூடியிருந்தால் டிக் நிற்கவில்லை. விரல்விட்டு எண்ணும் அளவு கூடியிருந்தால் நின்றுவிட்டது.

எட்டு கோரையும் 'நோஹெச்இசட் ஃபுல்'லில் போட்டுவிடலாமா?

கூடாது. கடிகாரத்தை யார் ஓட்டுவது? ஒரு கோராவது வீட்டுவேலைக்கு வேண்டும். வழக்கமாக 0ஆம் கோரை விட்டுவைப்பார்கள்.

கேம் வேகமாக ஓடுமா?

ஓடாது. இந்த முறையில் நிரல் கெர்னலுக்குள் போகும்போதும் வரும்போதும் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது, அதற்கு நேரம் செலவாகும். அடிக்கடி கெர்னலைக் கூப்பிடும் நிரலுக்கு நஷ்டம்தான். அளந்து பார்த்தால் நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

தம்பி, நான் முப்பது வருஷம் தண்டலா இருந்தவன். தண்டல் வந்தா வேலை கெடும்னு எழுதியிருக்கீங்க. நான் போகலேன்னா சீவுறவன் மரத்துல காயம் பண்ணிடுவான். அதை யாரு பாக்குறது?

ஐயா, இந்த வாரத்தின் நல்ல கேள்வி உங்களுடையதுதான். டிக் சும்மா வந்து போவதில்லை. நேரத்தைப் புதுப்பிக்கிறது, யார் எவ்வளவு நேரம் ஓடினார்கள் என்று கணக்கெடுக்கிறது, அடுத்தவர் முறை வந்ததா என்று பார்க்கிறது. அதை நிறுத்தினால் இந்த வேலைகளை யாராவது ஏற்க வேண்டும். நேரத்தை வீட்டுவேலைக் கோர் பார்த்துக்கொள்கிறது. கணக்கை, மேலே சொன்னபடி, கெர்னல் வாசலைத் தாண்டும்போது எழுதிக்கொள்கிறார்கள். தலை எண்ணுவதற்குப் பதில் வாசலில் கையெழுத்து. ஒரே ஆள் என்பதால் முறை பார்க்கும் வேலையே இல்லை. அப்படியும் வினாடிக்கு ஒரு டிக் மிச்சமிருந்தது. 2018இல் வந்த 4.17 கெர்னலில் அதையும் வேறு கோருக்கு மாற்றினார்கள். தண்டல் இப்போது பக்கத்து நிரையில் நின்றபடியே எட்டிப் பார்க்கிறார்.

உவமையே தப்பு அண்ணே. டிக் பெரட்டு மணி (காலையில் ஆட்களைத் திரட்டித் தலை எண்ண அடிப்பது), ஷெட்யூலர்தான் தண்டல். (கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்)

பாதி ஒப்புக்கொள்கிறேன். மணி அடிப்பது கோருக்குள் இருக்கும் டைமர், மணி கேட்டு வருவது கெர்னல். ஆனால் பெரட்டு மணி எல்லாருக்கும் ஒன்று, டிக் கோருக்குக் கோர் தனி. இதற்குள் தண்டல் பெரியவர் "எங்க தோட்டத்துல மணி ஏது, தகரம்தான் அடிப்போம்" என்று எழுத, மாணவர் "தகரமும் மணிதானே தாத்தா" என்று எழுத, அதற்கு மேல் பதினேழு பதில்கள். ஒன்றில்கூட கெர்னல் இல்லை. ஆள் இல்லாத நிரைக்குத் தண்டல் போவாரா என்று ஒருவர் கேட்டிருந்தார், அது மட்டும் விஷயத்தோடு ஒட்டியது. போவதில்லை. சும்மா கிடக்கும் கோரில் டிக்கை நிறுத்தும் வசதி 2007லேயே, 2.6.21 கெர்னலில் வந்துவிட்டது. நாம் பேசுவது ஆள் வேலை செய்யும்போதே தண்டல் வராமலிருப்பது.

ஐசோல்சிபியுஸ் போட்டேன், டிக் நிற்கவில்லை...

முதல் பதில்.

ஐசோல்சிபியுஸ்...

முதல் பதில். இது மூன்றாவது ஆள்.

'எல்ஓசி' அசையவில்லை, ஆனாலும் நடுநடுவே நிரல் தடுமாறுகிறது.

அளந்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. மதர்போர்டின் ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) கெர்னலுக்கே சொல்லாமல் கோரைப் பிடுங்கிக்கொள்வது உண்டு, எஸ்எம்ஐ என்பார்கள். அது இந்த வரியில் தெரியாது. 5.14 முதல் கெர்னலில் 'ஓஎஸ்நாய்ஸ்' டிரேசர் (தடங்கல்களைத் தடம் பிடித்துப் பதிவு செய்யும் கருவி) இருக்கிறது. தடங்கல் கெர்னலுடையதா வன்பொருளுடையதா என்று பிரித்துக் காட்டும். எஸ்எம்ஐ என்றால் பயாஸ் அமைப்பில்தான் தேட வேண்டும்.

என் போன் ரொம்ப ஸ்லோ.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் போன் கடை.

சரி தம்பி, தண்டலும் வரல, மணியும் இல்ல. அவனுக்கு நேரம் எப்படித் தெரியும்? (மறுபடி தண்டல் ஐயா)

அவன் கையிலேயே கடிகாரம் இருக்கிறது ஐயா. ப்ராசஸருக்குள் டிஎஸ்சி என்று ஓர் எண்ணி ஓடுகிறது, நிரல் கெர்னலுக்குள் போகாமலே அதைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கடிகாரம் கோருக்குக் கோர் மாறி ஓடுகிறது என்று கெர்னலுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் டிக்கை நிறுத்த விடாது. நீங்களே நிரைக்கு வந்து நிற்பீர்கள்.