கேள்வி - பதில்: மெலடி எங்கே போச்சு?

கேள்வி: ஜெர்மன் இ.பி.எம். இசை என்று நண்பன் சிலதைப் போட்டுக் காட்டினான். மெலடியே கிடையாது, ஒரே அடி, யாரோ அதட்டுகிற குரல். இதை எப்படி ரசிக்கிறார்கள்?

பதில்: உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள், அதுதான் தப்பு. இ.பி.எம். என்றால் எலக்ட்ரானிக் பாடி மியூசிக், பெயரிலேயே உடம்பு இருக்கிறது. பெயரைப் பரப்பியது பெல்ஜியத்தின் ஃபிரண்ட் 242 குழு என்றாலும், அந்தச் சத்தத்துக்கு அச்சு வார்த்தது டுசல்டோர்ஃப் நகரத்து டி.ஏ.எஃப். குழுதான். 1981-இல் வந்த அவர்களுடைய 'அல்லெஸ் இஸ்ட் கூட்' ஆல்பத்தைக் கேளுங்கள். அதற்குள் குழுவில் மிச்சம் இரண்டே பேர். டிரம்ஸையும் சிந்தசைசரையும் ராபர்ட் கோர்ல் பார்த்துக்கொள்ள, பாடியவர் காபி டெல்காடோ (குடிக்கிற காபி இல்லை, பெயரே அதுதான்). கிடாரும் போய்விட்டது.

இதில் முக்கியமான ஆள் சீக்வென்சர் என்கிற கருவி. குமிழ்களைத் திருகி ஒவ்வொன்றிலும் ஒரு சுரத்தை வைத்துவிட்டால், நிறுத்துகிற வரைக்கும் அந்தச் சில சுரங்களையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கும். அதோடு சேர்ந்து கோர்ல் கையால் டிரம்ஸ் அடிக்கிறார். இயந்திரம் இம்மி பிசகாது, மனிதனுக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் விட மாட்டேன் என்று கூடவே ஓடுகிறான், அந்த மல்லுக்கட்டுதான் ருசி. பின்னால் வந்த பல குழுக்கள் டிரம்ஸையும் மெஷினிடமே கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் பாதி சுவாரசியம் போய்விடுகிறது, ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.

அதே ஊர்க்காரர்களான கிராஃப்ட்வெர்க்கின் இசை இஸ்திரி போட்ட சட்டை என்றால், இது வேர்வையில் நனைந்த பனியன். இன்னொரு டுசல்டோர்ஃப் குழுவான டி க்ரூப்ஸ், எஃகுக் குழாய்களிலேயே ஒரு வாத்தியம் செய்து அடித்தார்கள். எஃகு ஆலைகளுக்குப் பேர்போன ரூர் பகுதி பக்கத்திலேயே இருக்கும்போது வேறு எதை அடிப்பார்கள்!

கேள்வி: டி.ஏ.எஃப். பாட்டில் முசோலினி, ஹிட்லர் என்றெல்லாம் வருகிறதே, இவர்கள் பாசிஸ்டுகளா?

பதில்: இல்லை. 'டெர் முசோலினி' பாட்டில் முசோலினி, ஹிட்லர், ஏசு, கம்யூனிசம் எல்லாமே வரிசையாக நடன அசைவுகளாகத்தான் வருகின்றன. ஆட்டம் போட வைத்தே அந்தப் பெயர்களின் மிடுக்கைக் கழற்றிவிடுகிறார்கள். டெல்காடோ, சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் இருந்த ஸ்பெயினில் பிறந்து சிறுவயதில் ஜெர்மனிக்கு வந்தவர். தோல் உடுப்பு, ஒட்ட வெட்டிய தலை, கட்டளைக் குரல் எல்லாம் சேரும்போது கேட்கிறவருக்கு நெருடத்தான் செய்யும். நெருடட்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு ஜெர்மன் தெரியாதே?

பதில்: பரவாயில்லை, டெல்காடோவுக்கும் அது தாய்மொழி இல்லை. வரிகளும் குட்டிக் குட்டியாகத்தான் இருக்கும். ஆனால் போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் என்கிற அடித்தொனி காணாமல் போய்விடும், அப்புறம் மிஞ்சுவது முதல் கேள்வி கேட்டவர் சொன்ன அதட்டல் மட்டும்தான்.