அமெரிக்க கேஸ் ஸ்டேஷனில் பீர் விற்க யார் அனுமதி தருகிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் பெட்ரோல் பங்கிலேயே பீரும் வைனும் விற்கிறார்களாமே? குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் ஜெயில் என்கிற நாட்டில் இதை எப்படி விட்டுவைக்கிறார்கள்? அனுமதி கொடுப்பது யார்?

விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஒரே சாலைச் சந்திப்பில் இந்த மூலையில் இருக்கும் பங்கில் பீர் கிடைக்கும், எதிர் மூலையில் இருப்பதில் கிடைக்காது. ஏன் என்று கேட்டால் கடைக்காரருக்கே பல சமயம் சரியாகச் சொல்லத் தெரியாது.

1933இல் மதுவிலக்கை நீக்கிய 21ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மது விவகாரத்தைப் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். எனக்கு நன்றாகத் தெரிந்தது கலிஃபோர்னியா. இங்கே மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன், வரிக் கணக்கு பார்ப்பது தொழில். என் மனைவியின் தம்பி ஒரு கேஸ் ஸ்டேஷனில் பங்கு வாங்கி, பீர், வைன் விற்க விண்ணப்பித்தபோது காகித வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. கீழே சொல்வதெல்லாம் அந்த அனுபவத்தோடு சேர்த்துப் படித்ததுதான்.

முதலில், பங்க் வைத்திருப்பவர் ஏன் இதற்கு அலைகிறார் என்பது. பெட்ரோலில் கேலனுக்குச் சில சென்ட்தான் நிற்கும், அதிலும் கிரெடிட் கார்டு கட்டணம் ஒரு கடி கடித்துவிடும். பிழைப்பு நடப்பது உள்ளே இருக்கும் கடையில்: காபி, சிகரெட், குளிர்பானம், லாட்டரிச் சீட்டு. பீர் கூலர் ஒன்று இருந்தால் வண்டிக்கு எண்ணெய் போடாதவர்கூட உள்ளே வருவார். மச்சானின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவன் என்ற முறையில் அவன் ஆசையை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

இனி அனுமதி. கலிஃபோர்னியாவில் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். மது லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு மட்டுமே உண்டு, அது மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதற்கென்று ஒரு துறை இருக்கிறது, எல்லோரும் ஏபிசி என்பார்கள். பீரும் வைனும் வாங்கிக்கொண்டு போக மட்டும் விற்றால் டைப் 20 லைசென்ஸ். விஸ்கி, வோட்கா எல்லாம் சேர்த்து விற்றால் டைப் 21. நகராட்சியால் லைசென்ஸ் கொடுக்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. ஆனால் நிலம் நகராட்சியின் கையில் இருக்கிறது. எந்த இடத்தில் எந்தத் தொழில் நடக்கலாம் என்கிற சோனிங் விதியை எழுதுவது நகராட்சிதான். "உனக்கு லைசென்ஸ் இருக்கலாம், ஆனால் இந்த மனையில் அதை நடத்த முடியாது" என்று சொல்ல அந்த விதி போதும். ஆக, மதுவைப் பற்றிய சண்டை முழுக்க நிலப் பயன்பாட்டுச் சண்டையாக வேஷம் போட்டுக்கொண்டு நடக்கிறது.

நீங்கள் கேட்ட குடியும் வண்டியும் பிரச்சினை இங்கே நாற்பது வருடத்துக்கு முன்னால் பெரிதாக வெடித்தது. குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவரால் மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் 1980இல் தொடங்கிய 'மேட்' என்கிற தாய்மார் அமைப்பு கலிஃபோர்னியாவில் பிறந்ததுதான். அந்தப் பத்தாண்டில் பல நகரங்கள் பெட்ரோலும் மதுவும் ஒரே இடத்தில் விற்கக் கூடாது என்று தடை போட ஆரம்பித்தன. எண்ணெய் நிறுவனங்களும் கடைக்காரர்களும் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 1987இல் ஒரு சமரசம் பிறந்தது. வணிகம், தொழில்கள் சட்டத்தொகுப்பில் 23790.5 என்று ஒரு பிரிவு. இந்த எண்ணை நான் தூக்கத்திலும் சொல்வேன்.

அது சொல்வது இதுதான். ஒரு சோனில் பெட்ரோல் விற்கலாம், அதே சோனில் வேறு கடையில் பீர், வைன் விற்கலாம் என்று நகராட்சி அனுமதித்திருந்தால், இரண்டையும் ஒரே இடத்தில் விற்கக் கூடாது என்று மட்டும் தடை போட முடியாது. அதற்குப் பதிலாக கண்டிஷனல் யூஸ் பர்மிட் கேட்கலாம், அதாவது நிபந்தனையோடு கூடிய அனுமதி. மறுப்பதாக இருந்தால் விசாரணை நடத்தி, தகுந்த ஆதாரத்தோடு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். விசாரிப்பவருக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. மறுத்தால் நகர சபைக்கு அப்பீல் உண்டு. கவனியுங்கள், இந்தப் பாதுகாப்பு பீருக்கும் வைனுக்கும் மட்டும்தான். விஸ்கியை நகராட்சி நேராகத் தடுக்கலாம். பல ஊர்களில் பங்கில் பீர் இருந்தும் விஸ்கி இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிலுக்கு அதே பிரிவு பெட்ரோல் பங்குகளுக்குச் சில கட்டுப்பாடுகளையும் போட்டது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு யோசித்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கல்லாவுக்கும் வாசல் கதவுக்கும் ஐந்தடிக்குள் பீர், வைன் அடுக்கக் கூடாது, 1988 ஜனவரி 1 அன்றே நிரந்தரமாகப் பொருத்தியிருந்த கூலர் என்றால் மட்டும் விலக்கு. ஐஸ் நிரப்பிய தொட்டியில் பாட்டிலைச் செருகி வைத்து விற்கக் கூடாது. காரில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக வாங்கும் வசதி கூடாது. எண்ணெய் போடும் மேடையில் மது விளம்பரம் கூடாது. கட்டடத்திலோ ஜன்னலிலோ பீர் விளம்பரம் ஒளிரக் கூடாது. இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை விற்பவருக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். எண்ணெய்க்குப் பணம் கட்ட வந்தவன் கல்லா பக்கத்தில் சில்லென்று ஒரு கேனைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்துவிடக் கூடாது என்பதுதான் மொத்த யோசனை. வேண்டுமென்றால் நடந்து போய் எடுத்துக்கொள், கைக்கு எட்டும் தூரத்தில் நாங்கள் நீட்ட மாட்டோம்.

இதெல்லாம் குடிபோதையில் வண்டி ஓட்டுவதை உண்மையிலேயே குறைக்கிறதா? என் கருத்தைக் கேட்டால், இந்த ஊர்களில் மதுக்கடைக்கும் கார் இல்லாமல் யாரும் போவதில்லை. சூப்பர்மார்க்கெட்டில் பெட்டியோடு வாங்கினாலும் டிக்கியில் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீத வரம்பு, வண்டிக்குள் மூடி திறந்த பாட்டில் இருந்தாலே குற்றம் என்பது போன்ற விதிகள்தான் ஓட்டுநரைப் பிடிக்கின்றன. பங்க் விதிகள் வேறு எதையோ பிடிக்கின்றன. அது என்ன என்று எனக்கு விசாரணை நாளன்று புரிந்தது.

மச்சானின் விண்ணப்பம் பிளானிங் கமிஷன் முன்னால், அதாவது நிலப் பயன்பாட்டு அனுமதிகளை விசாரிக்கும் நகராட்சிக் குழுவின் முன்னால் வந்தது. சிட்டி ஹாலில் மாலை நேரக் கூட்டம், யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். விபத்தைப் பற்றியே பேசுவார்கள் என்று நினைத்து நான் குறிப்பெல்லாம் எடுத்துப் போயிருந்தேன். ஒருவரும் அதைத் தொடவில்லை. பங்குக்குப் பின்னால் வீடு இருக்கும் ஒரு மெக்சிகோக்கார அம்மா எழுந்தார். "என் வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பார்கள், கேனை என் தோட்டத்தில் வீசுவார்கள், ராத்திரி பாட்டுப் போடுவார்கள்" என்றார். அவ்வளவுதான். மீதிக் கூட்டம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றியே போனது: தனிக் கேன் விற்கலாமா, கூடாதா?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்ப விஷயமாகத் தெரியும். தொழிலில் இருப்பவருக்கு இதுதான் உயிர். ஆறு கேன், பன்னிரண்டு கேன் பெட்டியை வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டு போவார். ஒற்றைப் பெரிய கேன் வாங்குபவர் பெரும்பாலும் அங்கேயே, பார்க்கிங் ஓரத்திலோ அந்த அம்மாவின் வேலியோரத்திலோ குடித்து முடிப்பார். லாபம் அதிகம் கிடைப்பதும் அந்தத் தனிக் கேனில்தான். மச்சான் என் காதில் குனிந்து, "மாமா, தனிக் கேன் இல்லேன்னா இந்த லைசென்ஸே வேஸ்ட்" என்றான். நான் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

இதே சண்டை பெரிய ஊர்களில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் தெற்குப் பகுதியில் சுமார் 200 மதுக்கடைகள் எரிந்தன. அவற்றைத் திரும்பக் கட்ட விடக் கூடாது என்று அந்தப் பகுதி மக்கள் கிளம்பினார்கள். முன்னணியில் நின்றது கம்யூனிட்டி கோலிஷன் என்கிற அமைப்பு, அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பின்னாளில் அந்நகர மேயரான கேரன் பாஸ். அவர்களும் கையில் எடுத்தது இதே நிலப் பயன்பாட்டு அனுமதியைத்தான், பல கடைகள் திரும்பி வரவேயில்லை. எரிந்த கடைகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் கொரியக் குடியேறிகள், வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள். அதனால் அந்தக் கதையில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றும் சுலபமாகச் சொல்ல வராது. 1993இல் அதே மாநிலத்தின் ஓக்லாந்து நகரம் இன்னொரு வழி கண்டது: ஏற்கெனவே இருக்கும் பழைய கடைகளும் அனுமதி பெற்றவையாகவே கருதப்படும், ஆனால் தொல்லை கொடுத்தால் அந்த அனுமதியை நகராட்சி ரத்து செய்யலாம். கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது.

ஏபிசி பக்கம் இன்னொரு வடிகட்டி உண்டு. அந்த சென்சஸ் வட்டாரத்தில் மக்கள்தொகைக்கு லைசென்ஸ் விகிதம் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சராசரியைத் தாண்டினாலோ, போலீஸ் வட்டாரத்தில் குற்றம் சராசரியைவிட 20 சதவீதம் கூடுதலாக இருந்தாலோ, அங்கே ஏற்கெனவே கடைகள் அளவுக்கு மீறி இருக்கின்றன என்று கணக்கு. அப்போது, பொதுமக்களின் வசதிக்கோ தேவைக்கோ இன்னொரு கடை வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகம் சொன்னால்தான் லைசென்ஸ் நகரும், அதற்கு 90 நாள் அவகாசம். 600 அடிக்குள் பள்ளிக்கூடமோ விளையாட்டு மைதானமோ இருந்தால் அதையே காரணமாகக் காட்டி மறுக்கலாம். கடை வாசலில் 30 நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், 500 அடிச் சுற்றளவில் இருப்பவர்களுக்குத் தபாலும் அனுப்ப வேண்டும். அந்த அம்மா ஏபிசியிலும் ஆட்சேபம் போட்டிருக்கலாம், போடவில்லை.

மற்ற மாநிலங்களைப் பற்றிக் கொஞ்சம். டெக்சஸில் சர்ச், பள்ளி, பொது மருத்துவமனைக்கு 300 அடிக்குள் விற்கக் கூடாது என்று நகரமோ கவுன்டியோ விதி போடலாம். சர்ச் என்றால் வாசலுக்கு வாசல், தெருவோரமாகவே அளக்க வேண்டும் என்று அளக்கும் விதம்கூடச் சட்டத்தில் இருக்கிறது. என் அபிமானம் இண்டியானா. அங்கே பங்கில் பீர் விற்கலாம், ஆனால் குளிரவைத்து விற்கக் கூடாது! சில்லென்று வேண்டுமானால் தனி மதுக்கடைக்குத்தான் போக வேண்டும். இது நியாயமில்லை என்று பங்க் உரிமையாளர் சங்கம் வழக்குப் போட்டது, 2015இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றுவிட்டது. 2017இல் ரிக்கர்ஸ் என்கிற பங்க் நிறுவனம் இரண்டு கிளைகளில் மேஜை நாற்காலி போட்டு, பரிட்டோ என்கிற மெக்சிகோ ரொட்டிச் சுருள் செய்து கொடுத்து, உணவக லைசென்ஸ் வாங்கி அதன் பேரில் ஜில் பீர் விற்றது. அந்த ஓட்டையைச் சட்டமன்றம் அதே வருடம் அடைத்தது. மதுக்கடைக்காரர்களின் செல்வாக்கு அப்படி.

சரி, மச்சான் விஷயம். அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. தனிக் கேன் கிடையாது. மாநிலச் சட்டப்படி காலை 6 முதல் அதிகாலை 2 வரை விற்கலாம் என்றாலும் அவன் நள்ளிரவோடு நிறுத்த வேண்டும். பின்பக்கம் விளக்கு, கேமரா, வேலி ஓரம் தினமும் குப்பை பொறுக்குவது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டான். எனக்கென்னவோ கமிஷன் செய்தது சரி என்றே பட்டது, வீட்டில் இதைச் சொல்வதில்லை.

இங்கே பங்க் வாங்கும் யோசனையில் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். இந்தப் பர்மிட் ஆளுக்குச் சேர்ந்ததில்லை, மனைக்குச் சேர்ந்தது. முந்தைய உரிமையாளர் ஒப்புக்கொண்ட நிபந்தனை அத்தனையும் உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். கூலரில் தனிக் கேன் அடுக்கியிருக்கிறது என்பதாலேயே அதை விற்க அனுமதி இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சிட்டி ஹாலில் பிளானிங் கவுன்டருக்குப் போய், அந்த முகவரியைச் சொல்லி, பர்மிட் தீர்மானத்தின் நகல் கேளுங்கள். ஏபிசியிடம் லைசென்ஸில் தனியாக நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அப்புறம் வேலைக்கு வைக்கும் பையன்களுக்கு அடையாள அட்டை பார்க்கக் கற்றுக்கொடுங்கள். 20 வயதுகூட ஆகாத பிள்ளைகளை ஏபிசியும் போலீஸும் வாடிக்கையாளர் போல அனுப்பிச் சோதிப்பார்கள். மூன்று வருடத்துக்குள் மூன்று முறை சிக்கினால் லைசென்ஸே போகலாம்.