பாட்டு உரிமையை விற்று மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 67 வயது. பக்திப் பாடல் ஆல்பங்களுக்கு இசையமைத்தவன். 1988 முதல் 2001 வரை சொந்தக் காசைப் போட்டுப் பதிவு செய்த 90 பாடல்கள் என் பெயரிலேயே இருக்கின்றன. யூடியூப், காலர் டியூன் எல்லாம் சேர்த்துக் கடந்த மூன்று வருடங்களாக வருடத்துக்குச் சராசரியாக 4 லட்சம் வருகிறது. கச்சேரிகளில் ஒன்றரை லட்சம் கிடைக்கும். வீட்டுச் செலவு மாதம் 25,000. ஓர் ஆடியோ நிறுவனம் 90 பாடல்களையும் மொத்தமாக 34 லட்சத்துக்குக் கேட்கிறது. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் போன்ற பெரியவர்களே இந்த வயதில் விற்றுவிட்டார்கள் என்கிறார்கள். விற்கலாமா? 20 லட்சத்தை மாப்பிள்ளையின் ஒலி-ஒளி வாடகைத் தொழிலுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைப் பாட்டு ராயல்டியில் முதலீடு செய்யும் ஓர் ஆப்பில் போடலாம் என்று நண்பர் சொல்கிறார். 14 சதவீதம் கிடைக்குமாம். ஒரே மகள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் முகம் கோணக் கூடாதே என்றுதான் யோசிக்கிறேன்.

பதில்: ஐயா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் பாடல்களைப் பற்றி. கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. மாப்பிள்ளைக்காக உங்கள் பெயரில் எடுத்த தனிநபர் கடன் 8 லட்சம், 15 சதவீத வட்டி. வீட்டு நகை அடகில் 5 லட்சம், வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறீர்கள். அவர் வங்கியில் வாங்கிய 11 லட்சத்துக்கு ஜாமீன் கையெழுத்து. மூன்று வருடத்தில் மூன்று முறை. இப்போது கேட்கும் 20 லட்சம் நான்காவது. நகையும் கையெழுத்தும் தீர்ந்துவிட்டதால் பாட்டின் மேல் பார்வை போயிருக்கிறது.

முதலில் டிலன் கதையை முடித்துவிடுவோம். அவர் 2020 டிசம்பரில், 79 வயதில், அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களின் உரிமையை யுனிவர்சல் இசை நிறுவனத்துக்குக் கொடுத்தார். விலை 30 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. அடுத்த வருடம் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சோனியிடம் விற்றார். நீல் யங் பாதியை மட்டும் விற்றார். இவர்கள் எல்லாரும் பணமுடையால் விற்றவர்கள் இல்லை. கொரோனாவில் மேடைக் கச்சேரி நின்றுபோயிருந்தது உண்மைதான். ஆனால் பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது வரி.

அமெரிக்காவில் ராயல்டியாக வருடா வருடம் வாங்கினால் சாதாரண வருமானம்; உச்ச விகிதம் 37 சதவீதம். அதே பாடல்களை மொத்தமாக விற்றால், இசையமைப்பாளர் அதை மூலதன ஆதாயமாக, அதாவது சொத்தை விற்ற லாபமாக, காட்டிக்கொள்ள அங்கே சட்டமே தனியாக இடம் தருகிறது. உச்ச விகிதம் 20 சதவீதம். அந்த விகிதமும் உயரப் போகிறது என்ற பேச்சு அந்தச் சமயத்தில் பலமாக அடிபட்டது. இது போக, பெரும் பணக்காரர்களின் சொத்துக்கு அங்கே மரணத்துக்குப் பிறகு 40 சதவீதம் வரை வரி உண்டு. பாட்டைப் பாதியாக வெட்டி அரசாங்கத்துக்குக் கட்ட முடியாது. பணமாக இருந்தால்தான் வாரிசுகள் கட்ட முடியும். வட்டி விகிதம் தரையில் கிடந்த காலம் என்பதால் வாங்குபவர்களும் வருட வருமானத்தைப் போல 15, 20 மடங்கு, சிலவற்றுக்கு அதற்கு மேலும் கொடுத்தார்கள்.

இதில் எது உங்களுக்குப் பொருந்துகிறது? வாரிசு வரி நம் நாட்டில் 1985-லேயே போய்விட்டது. உங்கள் ராயல்டி, கச்சேரி, வைப்புநிதி வட்டி எல்லாம் சேர்த்தாலும் 7 லட்சத்தைத் தாண்டாது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை. ஆக இன்று நீங்கள் கட்டும் வரி பூஜ்யம். 34 லட்சத்தை ஒரே வருடத்தில் வாங்கினால்? தொழில் வருமானம் என்று அதிகாரி எடுத்துக்கொண்டால் 6 லட்சத்துக்குக் குறையாமல் போகும். மூலதன ஆதாயம் என்று வாதாடி ஜெயித்தாலும் 12.5 சதவீதம், அதாவது 4 லட்சத்துக்கு மேல். டிலன் போன்றவர்களுக்கு விற்றால் வரி குறையும். நீங்கள் விற்றால் இல்லாத வரி வந்து சேரும்.

விலையையும் பாருங்கள். 34-ஐ 4-ஆல் வகுத்தால் எட்டரை மடங்கு. வரி போகக் கையில் நிற்பது 28 லட்சம் என்று வைப்போம். பாதுகாப்பான இடத்தில் போட்டால் தாராளமாகவே 8 சதவீதம், வருடம் 2.24 லட்சம். இப்போது வருவது 4 லட்சம். ஆனால் 28 லட்சம் உங்களிடம் இருக்கப் போவதில்லையே. மாப்பிள்ளைக்கு 20 போனால் மீதி 8 லட்சம். அதன் வட்டி மாதம் 5,300 ரூபாய். இன்று பாட்டு மாதம் 33,000 கொடுக்கிறது. தனிநபர் கடனின் இஎம்ஐ மட்டும் 19,000. கடன் அப்படியே இருக்கும், கட்டுவதற்கான வழி மட்டும் போய்விடும்.

'பாட்டு மவுசு குறைந்துபோனால்?' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. வருடத்துக்கு 5 சதவீதம் குறைந்துகொண்டே போனாலும் 15 வருடத்தில் மொத்தம் 43 லட்சம் வருகிறது. பத்து வருடம் கழித்து வரும் ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்காது, அதனால் இதை 34-உடன் நேராக ஒப்பிடக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்திப் பாட்டுக்கு ஒரு வசதி உண்டு. சினிமாப் பாட்டை அடுத்த வெள்ளிக்கிழமை வரும் பாட்டு தள்ளிவிடும். ஆடி மாதமும் கார்த்திகையும் வருடம் தவறாமல் வரும். உங்கள் மூன்று வருடக் கணக்கில் அந்த மாதங்களில்தான் தொகை எகிறியிருக்கிறது. வாங்க வந்த நிறுவனத்துக்கு இது நன்றாகவே தெரியும்.

நீங்கள் இணைத்திருந்த ஒப்பந்த நகலைப் படித்தேன். நான்காவது பிரிவில், 'இன்று உள்ள, இனி வரக்கூடிய அனைத்து ஊடகங்களிலும், உலகெங்கும், நிரந்தரமாக' என்று ஒரு வரி. அதன் கீழேயே 'இனி எக்காலத்திலும் எவ்வித ராயல்டியும் கோர மாட்டேன்' என்று இன்னொன்று. இரண்டாவது வரி செல்லாது. 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டப்படி, இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்களுக்கு வரவேண்டிய சமபங்கு ராயல்டியை வாரிசுக்கோ, வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒலிப்பதிவின் உரிமையை விற்கலாம். மெட்டுப் போட்டவருக்கான பங்கு உங்களை விட்டுப் போகாது. இது தெரியாமல் எழுதியிருந்தால் அந்த நிறுவனத்துக்கு நல்ல வக்கீல் இல்லை. தெரிந்தே எழுதியிருந்தால் அது வேறு ரகம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு கோர்ட்டில் ஜெயிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 67 வயதில் அந்த வேலை வேண்டாம். டோக்கன் அட்வான்ஸும் வாங்காதீர்கள்.

பணம் உடனே வேண்டும் என்றால், விற்காமல் ஐந்து வருட உரிமம் மட்டும் கொடுங்கள். எழுத்தில், காலமும் எல்லையும் குறிப்பிட்டு, முன்பணத்தோடு. ஐந்து வருடம் கழித்துப் பாட்டு உங்களிடமே திரும்பும். நீங்கள் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினரா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த மாதமே சேருங்கள். கணக்குப் பார்த்துக்கொள்ள வாரிசு யாருமே இல்லாத ஒருவர், 14, 15 மடங்கு விலை கிடைத்து, கடன் ஏதும் இல்லாமல் இருந்தால், விற்றுவிடுங்கள் என்று நானே சொல்வேன்.

அந்த 14 சதவீத ஆப். சொந்தப் பாட்டை எட்டரை மடங்குக்கு விற்றுவிட்டு, ஊரார் பாட்டில் துண்டு துண்டாகப் பங்கு வாங்கச் சொல்கிறார் உங்கள் நண்பர்! லண்டன் பங்குச் சந்தையில் 2018-இல் பட்டியலான ஹிப்னோசிஸ் என்ற நிதி இதே வேலைக்காகவே தொடங்கப்பட்டது. உலகப் புகழ் பாடல்களாக வாங்கிக் குவித்தது. வட்டி விகிதம் ஏறியதும் பங்கு விலை சரிந்தது, 2023-இல் டிவிடெண்டை நிறுத்தினார்கள், 2024-இல் பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அந்தக் கதி. உங்கள் நண்பர் அதில் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி மாப்பிள்ளை விஷயம். அவரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்இடி திரைக்கு 20 லட்சம் என்கிறார். வாடகைத் தொழிலில் திரை வாங்கிய நாளிலிருந்தே அதன் விலை இறங்கும். அடுத்த ரகம் வந்ததும் பழையதை யாரும் கேட்க மாட்டார்கள். தொழில் நன்றாக ஓடுகிறது என்றால் அந்தத் திரையையே அடமானமாக வைத்து வங்கி கடன் கொடுக்கும். கொடுக்க மறுத்திருந்தால், ஏன் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மூன்று முறை கேட்காமலேயே கொடுத்ததால்தான் நான்காவது முறையும் வந்து நிற்கிறார்.

இன்னொன்று. இசைக்கான காப்புரிமை உங்கள் ஆயுளோடு முடிவதில்லை. அதற்குப் பிறகும் 60 வருடம் உண்டு. அது உங்கள் ஒரே மகளுக்குச் சேர வேண்டிய சொத்து. அதை விற்று அவர் கணவரின் தொழிலில் போடுவதற்கு முன்னால் மகளைக் கேட்டீர்களா? நான்கு பக்கக் கடிதத்தில் மகள் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. முகம் கோணுமே என்று பயப்படுவதற்கு முன்னால் அவரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். நகையும் ஜாமீனும் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

செய்ய வேண்டியது இது. உங்களிடம் 9 லட்சம் வைப்புநிதி இருக்கிறது, 7 சதவீதத்தில். அதே சமயம் தனிநபர் கடனில் மிச்சமுள்ள ஐந்தரை லட்சத்துக்கு 15 சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வைப்பை உடைத்து அந்தக் கடனை முடியுங்கள். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கேட்பார்கள், கேட்கட்டும். மூன்றரை லட்சம் அவசரத்துக்கு மீதி இருக்கும். மிச்சமாகும் 19,000 மாதாமாதம் நகைக் கடனின் அசலுக்குப் போனால் இரண்டரை வருடத்துக்குள் நகை வீடு திரும்பும். இது பாடல் எதையும் விற்காமல்.

11 லட்ச ஜாமீன்தான் சிக்கல். கடன் வாங்கியவரை விட்டுவிட்டு வங்கி நேராக உங்களிடமே வரலாம், சட்டம் அப்படித்தான். நினைத்தவுடன் விலகவும் முடியாது. மாப்பிள்ளையோடு வங்கிக்குப் போய் உபகரணங்களையோ வேறு ஜாமீன்தாரரையோ ஏற்றுக்கொண்டு உங்களை விடுவிப்பார்களா என்று கேளுங்கள். அது நடக்கும்வரை அந்தக் கடன் கணக்கின் விவரத்தை மாதாமாதம் வாங்கிப் பாருங்கள். அவரிடம் பேசும்போது, 'ஆடிட்டர் கூடாது என்கிறார்' என்று என் தலையில் பழியைப் போட்டாலும் சரி.

கடைசியாக, உயில். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2016-இல் உயில் எழுதாமல் இறந்தார்; அவர் சொத்து வாரிசுகள் கைக்கு வர ஆறு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை, 90 பாடல்தான். ஒவ்வொன்றுக்கும் பதிவான வருடம், எழுதியவர், பாடியவர், மூல ஒலிநாடா எங்கே இருக்கிறது, எந்தக் கணக்கில் பணம் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி உயிலோடு சேருங்கள். யூடியூப் கடவுச்சொல்லை மகளிடம் கொடுங்கள். சாட்சிக் கையெழுத்துக்கு இருவர் வேண்டும். பாட்டிலும் கடனிலும் சம்பந்தமில்லாத இரண்டு பேராகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.