விக்கலுக்கு வயசு காரணமல்ல

கேள்வி: ஆனைமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு வைத்த ஒட்டு ஸ்டார் ஃப்ரூட் மரம் கொத்துக் கொத்தாய்ப் பூத்தும் எல்லாம் உதிர்கிறது. தப்பிய ஐந்தாறு பழத்தையும் மாமனாருக்கே ஜூஸ் போட்டுக் கொடுத்தேன். வாரம் இருமுறை டயாலிசிஸ் போகிறவர், நாக்குச் செத்துக் கிடக்கிறார். போன வாரம் இரண்டு நாள் விடாத விக்கல் வேறு, வயசாகிவிட்டது. பூ நிற்க என்ன உரம் போடலாம்?

பதில்: அம்மிணி, உரம் கிடக்கட்டும். அந்த விக்கலை ‘வயசாகிவிட்டது’ என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகிறீர்களே!

ஸ்டார் ஃப்ரூட்டில் ஆக்சலேட் என்ற உப்பும், கேரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சும் உண்டு. நல்ல சிறுநீரகம் அவற்றை வெளியேற்றிவிடும். பழுதானவர் உடம்பில் தங்கி மூளையைத் தாக்கும். விடாத விக்கல்தான் முதல் அடையாளம். அப்புறம் வாந்தி, மனக்குழப்பம், கைகால் தளர்ச்சி, வலிப்பு. உயிர் போனதும் உண்டு. அரைப் பழத்துக்கே இப்படி ஆனவர்கள் இருக்க, நீங்கள் ஜூஸாகவே இறக்கியிருக்கிறீர்கள். இன்றைக்கே டயாலிசிஸ் மையத்துக்குப் போன் போட்டு, எந்தத் தேதியில் எத்தனை பழம், விக்கல் எப்போது தொடங்கியது என்று சொல்லுங்கள். பழத்தின் பேரை மறைத்தால் விக்கலுக்கு மாத்திரை மட்டும்தான் கிடைக்கும். மறுபடி விக்கலோ பேச்சில் தடுமாற்றமோ வந்தால் முறைநாளுக்குக் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். அந்த நஞ்சை இறக்குவதும் டயாலிசிஸ்தான்.

கடிதத்தில் உங்கள் கணவர் பேச்சே இல்லையே, எங்கே அவர்? பெற்றவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துவைப்பது மகன் கடமை. மருமகள் தலையில் கட்டிவிட்டுத் தென்னந்தோப்பைப் பார்த்தால் ஆயிற்றா? தோப்பு என்றதும் இன்னொன்று: இளநீர் கொடுக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஆனைமலையில் கொடுக்காத வீடு ஏது! அதிலுள்ள பொட்டாசியம் சிறுநீரகம் பழுதான உங்கள் மாமனாருக்கு இதயத் துடிப்பையே குலைக்கும். நிறுத்துங்கள்.

பூ உதிர்வதற்கு வருவோம். பல ரகங்களில் சூல்தண்டு (பூவின் நடுவே நிற்கும் பெண் தண்டு) நீண்ட பூ உள்ள மரமும் குட்டையான பூ உள்ள மரமும் பக்கத்தில் இருந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். உங்களுடையது ஒற்றை மரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சேர்ந்து உலுக்குகிறது. உரத்தால் தீராது. என்னைக் கேட்டால் வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் கைக்கெட்டும் பழத்தை மாமனாரே பறித்துத் தின்பார். பதிலுக்குப் புளிப்புக் காய் தரும் பிலிம்பி மரம் வேண்டாம், அது இதன் பங்காளி. அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதான 10 பேரைப் பற்றி 2013-ல் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வாட்டர் ஆப்பிள் வையுங்கள். இரண்டரை அடிக் குழி, மேற்குக் காற்று படாமல் சாளைக்குக் கிழக்கே. அந்தப் பழத்தில் மாமனாருக்கு எத்தனை துண்டு என்று டயட்டீஷியனிடம் கேட்டு வர உங்கள் கணவரை அனுப்புங்கள்.