ஆங்கிலம் வழியே சிந்திப்பவர் பேச்சு மலையாளத்தை எங்கிருந்து தொடங்கலாம்?

சிங்கப்பூரில் ஆங்கிலமே முதன்மொழியாக வளர்ந்து, கேரளக் குடும்பத்தில் மணம் முடிக்கவிருக்கும் நீங்கள், முதலில் கற்க வேண்டியது எழுத்தா பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சையே தொடங்குங்கள், எழுத்து காத்திருக்கலாம்.

வீட்டில் கேட்டு வளர்ந்த தமிழ் பெருந்துணைதான் என்றாலும், போனேன், போனான், போனார்கள் என ஆளுக்கேற்ப மாறும் விகுதி மலையாளத்தில் இல்லை. 'ஞான் போயி', 'அவன் போயி', 'அவர் (அவர்கள்) போயி' என எல்லோருக்கும் ஒரே வடிவம் என்பதால், போகுன்னு (நிகழ்காலம்), போயி (இறந்தகாலம்), போகும் (எதிர்காலம்) என்ற மூன்று காலங்களைப் பழகினாலே நிறையப் பேசிவிடலாம். இந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆங்கிலத்தின் 'இஸ்' மட்டும் தடுமாற வைக்கும். ஒருவர் இன்னார் என்பதற்கு 'ஆணு'. ஒன்று இருக்கிறது என்பதற்குப் பொதுவாக 'உண்டு'.

பெரியவர்களை 'நீ' என்று அழைக்காமல் அம்மே, சேட்டா (அண்ணா), சேச்சி (அக்கா) என்று உறவுமுறை சொல்லியே அழையுங்கள்.