சிங்கப்பூர் போய் வாருங்கள், சென்னைக்கு ரயில் ஏறுங்கள்

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். காய்கறிக் கழிவு உரமாகிறது, மஞ்சப்பை இல்லாமல் கடைக்குப் போவதில்லை. தை மாதம் சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம். நாங்கள் இருவரும் விமானம் ஏறினால் செய்ததெல்லாம் வீணா? வருடத்துக்கு நாலு தடவை மகனைப் பார்க்கச் சென்னைக்கும் விமானத்தில்தான் போகிறோம்."

பிரசவத்துக்குப் போய் வாருங்கள் அம்மா. அதற்காக மனசு உறுத்த வேண்டாம். கடைசியில் போகிற போக்கில் சென்னையைச் சொன்னீர்களே, எனக்கு அதுதான் கவலை.

மதுரையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். சாதாரண வகுப்பில் போய்வர ஒருவருக்குத் தோராயமாக அரை டன் கரியமிலவாயு, இருவருக்கு ஒரு டன். சென்னைக்கு ஒரு வழி பறக்க ஆளுக்குச் சுமார் 50 கிலோ. இரண்டு பேர், நாலு தடவை, போக வர என்று பெருக்கினால் 800 கிலோ! சிங்கப்பூரைக் கிட்டத்தட்ட எட்டிப்பிடிக்கிறது. மேலே ஏறும்போதுதான் விமானம் எரிபொருளை அள்ளிக் குடிக்கும். சென்னைக்கு ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பித்துவிடுகிறது.

சோலார் வீணில்லை. நம்மூர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளைக்கு 4 யூனிட் தரும். மின்வாரிய மின்சாரத்தில் யூனிட்டுக்கு 700 கிராம் என்று வைத்தால், உங்கள் மாடி வருடத்துக்கு 3 டன் மிச்சம் பிடிக்கிறது. அதைக் காட்டிப் பறந்ததைக் கழித்துக்கொள்ளாதீர்கள். விட்ட புகை விட்டதுதான். மஞ்சப்பை குப்பையைக் குறைக்கும், இந்தக் கணக்கில் அதற்குப் பெரிய இடமில்லை.

சரி, சென்னைக்கு என்ன செய்வது? விமான நிலையம் போய், சோதனை வரிசையில் நின்று, காத்திருந்து, பறந்து, மீனம்பாக்கத்திலிருந்து மகன் வீடு போய்ச் சேர எப்படியும் நாலரை மணி நேரம். தேஜஸ் ரயிலுக்கு ஆறரை மணி நேரம் போதும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. மின்சார ரயில் என்பதால் புகைக்கணக்கு விமானத்தில் சிறு பங்குதான். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். வயதைச் சரியாகக் குறிப்பிடுங்கள், இடம் இருந்தால் கீழ்ப் படுக்கையே கிடைக்கும்.

சிங்கப்பூருக்கு நேரடி விமானமாகப் பாருங்கள். வளைகாப்புக்கு ஒரு தடவை, பிரசவத்துக்கு ஒரு தடவை என்று பிரிக்காமல், ஒரே தடவையாகப் போய் விசா விடுகிற நாள் வரை பேரப்பிள்ளையோடு இருந்துவிட்டு வாருங்கள். பெட்டியின் எடைக்கும் எரிபொருள் செலவுதான். அதற்காகப் பிரசவ லேகியத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.