வீட்டில் யாரும் காய்கறி, பழம் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்தால் சாப்பிடுவார்கள்?

பையன் கேரட்டைக்கூட ஒதுக்கி வைக்கிறான், கணவருக்கு உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதுவும் இறங்காது, மாமியாருக்குச் சர்க்கரை, பழம் வாங்கக் கட்டுப்படி ஆகவில்லை, ஜூஸ் போட்டுக் கொடுக்கலாமா, மாவில் அரைத்து ஒளித்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எந்த ஊர் என்று நான் பார்க்கவில்லை. எழுதியிருக்கும் விதத்திலேயே தெரிகிறது: சமைப்பது நீங்கள், யாருக்காவது உடம்புக்கு வந்தால் பேச்சு வாங்குவதும் நீங்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் மருத்துவரும் இல்லை, ஊட்டச்சத்து படித்தவளும் இல்லை. ரங்கூனில் ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் தினமும் சமைக்கிறவள். நான், அவர், ஒரு மகள், ஒரு மகன், அத்தை. இங்கே நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மகனுக்கு அப்போது எட்டு வயது. நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் குளியலறைக்குள் உட்கார்ந்துகொண்டு கதவைத் திறக்காமல் அழுகிறான். அப்புறம் பார்த்தால் ரத்தம். பதறிப்போய்ப் பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, நேற்றுக் காலையிலிருந்து என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். காலையில் பலாட்டாவும் (இங்கத்துப் பரோட்டா) டீயும், மதியம் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ராத்திரி முட்டை போட்ட நூடுல்ஸ் என்றேன். சாம்பாரையும் உருளைக்கிழங்கையும் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன், காய் கொடுத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியட்டுமே என்று. அவர், "உருளைக்கிழங்கு காய்க் கணக்கில் வராதும்மா, அது சோற்றுக் கணக்கு" என்றார். வேறு எதுவும் திட்டவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

அன்று ராத்திரியே தேடிப் படித்தேன். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, பத்து வயதுக்கு மேல் எல்லோரும் நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும். ஆறிலிருந்து ஒன்பது வயது வரை 350 கிராம், இரண்டிலிருந்து ஐந்து வரை 250 கிராம். உருளைக்கிழங்கு, மரவள்ளி மாதிரிக் கிழங்குகள் இதில் சேராது. கிராம் கணக்கு எனக்குக் கையில் நிற்காது. இங்கே சந்தையில் இன்னும் வீசைதான். பர்மியத்தில் பெய்தா என்பார்கள், ஆங்கிலத்தில் விஸ். அந்த விஸ் நம்முடைய வீசையிலிருந்து போன சொல்தான். பர்மா வீசை ஒன்று சுமார் 1.63 கிலோ. அப்படியென்றால் 400 கிராம் என்பது கிட்டத்தட்டக் கால் வீசை. ஆளுக்குக் கால் வீசை! எங்கள் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு வீசைக்குக் கொஞ்சம் மேலேயே வேண்டும். நான் வாங்கிக்கொண்டிருந்ததோ அரை வீசை. அதிலும் பாதி உருளைக்கிழங்கு.

அதனால் உங்களுக்கு முதலில் சொல்வது இதுதான். யார் சாப்பிடவில்லை என்று பார்ப்பதற்கு முன்னால் பையில் எவ்வளவு வருகிறது என்று ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வராத காயை யாரும் சாப்பிட முடியாது. உங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஒளித்துக் கொடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் செய்தேன், இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். கீரையை அரைத்துச் சப்பாத்தி மாவில் பிசைந்தேன், சுரைக்காயைத் துருவி இட்லி மாவில் கலந்தேன். இரண்டு வாரம் ஓடியது. ஒரு நாள் சப்பாத்திக்குள் சரியாக மசியாத ஒரு கீரை நரம்பு அவன் பல்லில் மாட்டியது. வெளியே இழுத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் எந்த இட்லியையும் பிட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் வாயில் வைக்கவில்லை. அம்மா கையால் வருகிற சாப்பாட்டைப் பிள்ளை சோதித்துப் பார்க்கிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்? காய் அரைத்த தோசை நல்ல தோசைதான். போடுங்கள், ஆனால் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

வழி காட்டியது பக்கத்து வீட்டு அமா. அமா என்றால் பர்மியத்தில் அக்கா. அவர்கள் பேரனோடு விளையாடப் போனவனைக் கூப்பிடப் போனேன். வட்டமான குட்டை மேசையைச் சுற்றி எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய தட்டு. அவித்த வெண்டைக்காய், அவித்த காராமணிக்காய், பச்சை வெள்ளரி, பச்சைக் கத்தரிப் பிஞ்சு, வல்லாரை ஒரு கைப்பிடி. தட்டுக்கு நடுவே கிண்ணத்தில் நாப்பிக் குழம்பு. நாப்பி என்பது மீனையோ இறாலையோ உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது. என் மகன் ஒரு முழு வெண்டைக்காயைக் காம்போடு பிடித்துக் கிண்ணத்தில் முக்கி எடுக்கிறான். அது கோழைக் கயிறு மாதிரி நீளமாக இழுபடுகிறது. அவன் தலையைப் பின்னால் சாய்த்து அதையும் சேர்த்து வாயில் விட்டுக்கொள்கிறான். வீட்டில் வெண்டைக்காய்ப் பொரியலைப் பார்த்தாலே தட்டைத் தள்ளுகிற பிள்ளை! அமா அவனைக் கவனிக்கக்கூட இல்லை. மகளோடு கரண்ட் எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தார். யாரும் அவன் தட்டில் எதையும் வைக்கவில்லை. யாரும் 'சாப்பிடு' என்றும் சொல்லவில்லை.

இதற்குப் பெயர் தொஸயா. பிறந்ததிலிருந்து கேட்கிற சொல், அன்றைக்குத்தான் அதன் பொருளை யோசித்தேன். தொட்டுக்கொள்வதற்கானது என்று அர்த்தம். நாமும் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறோம். ஆனால் நம் வீட்டில் குவித்து வைத்த சோற்றுக்குக் காய் தொட்டுக்கொள்ள, அதனால் ஓரத்தில் ஒரு கரண்டி போதும். அவர்கள் வீட்டில் காய்க்குத்தான் வேறொன்று தொட்டுக்கொள்ள. காய் தட்டு நிறைய வருகிறது, யாருக்கு எது வேண்டுமோ அவரவர் எடுத்துக்கொள்கிறார்கள்.

மறுநாளே நானும் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நாப்பிதான் தடை. அத்தை மீன் சாப்பிடுவார், ஆனால் நாப்பி வாசம் வீட்டுக்குள் வரக்கூடாது. செவ்வாய், வெள்ளி, புரட்டாசி மாதம் முழுக்க மீனும் இல்லை. அதை மீறுகிற எண்ணம் எனக்கு இல்லை. அமாவிடம் சொன்னேன். பொன்யேஜி வாங்கு என்றார். பகான் பக்கத்து வறண்ட பூமியில் செய்கிற கறுப்பு விழுது அது. கொள்ளுப் பயற்றை வேகவைத்து, சாற்றைப் புளிக்கவிட்டு, உப்பிட்டுச் சுண்டக் காய்ச்சுவது. தேய்ஞ்சிச் சந்தையில் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி வந்து அடுப்படியில் பிரித்தேன். கூடத்திலிருந்து அத்தை எழுந்து வந்தார். "என்னம்மா, கொள்ளா அவிக்கிற?" என்றார். ஆமாம் அத்தை, கொள்ளுதான் என்று சொல்லி விரல் நுனியில் கொஞ்சம் வைத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தவர், "எங்கம்மா வைக்கிற கொள்ளு ரசம் மாதிரி இருக்கு" என்றார். பெகு பக்கம் வயல் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். அன்று மதியம் தட்டின் முன்னால் முதலில் உட்கார்ந்தது அத்தைதான்.

மகன் உடனே சாப்பிட்டுவிடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் வெள்ளரியை மட்டும் எடுத்தான். நான் வாயைத் திறக்கவே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் காராமணிக்காய். இப்போது மோர்க்குழம்பில் போடும் வெண்டைக்காயைக்கூடக் கேட்டு வாங்குகிறான். என் வீட்டுக்காரர் இன்னும் வெண்டைக்காயைத் தொடமாட்டார், ஆனால் வல்லாரையை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார். ஒவ்வொரு வாய்க்கும் தனியாகக் கட்டாயப்படுத்தாமல் விட்டால் ஒவ்வொருவரும் நான்கைந்து காயையாவது தங்களுக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள். மலச்சிக்கல் போயிற்று. ஒன்று மட்டும், நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடிக்க வையுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும்.

பச்சைக் காய் தின்றால் வயிற்றுப்போக்கு வராதா, அந்த விழுதில் உப்பு அதிகமாயிற்றே என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் நான் எதையும் பச்சையாக வைப்பதில்லை. கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துவிடுவேன். வெள்ளரியைத் தோல் சீவித்தான். உப்பு உண்மைதான், அதனால் ஐந்து பேருக்கு ஒரு தேக்கரண்டி விழுதுக்கு மேல் எடுப்பதில்லை, அதையும் எலுமிச்சைச் சாறு விட்டு இளக்கிவிடுவேன்.

ஃபிரிட்ஜில் வாரத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறார்களே, அவர்கள் ஊரில் கரண்ட் இருக்கிறது. இங்கே நான்கைந்து வருஷமாக மணிக்கணக்கில் கரண்ட் போகிறது. கீரையை உள்ளே வைத்தால் மறுநாள் குழைந்து தண்ணீர் விட்டிருக்கும். நான் கீரையும் காயும் தினமும் காலையில்தான் வாங்குகிறேன். வாழைப்பழம், பம்பளிமாஸ், பூசணி இவைதான் வெளியிலேயே நிற்கும்.

பழத்துக்கு வருகிறேன். ஜூஸ் வேண்டாம். பிழிந்தால் நார் போய்விடும், அந்தச் சர்க்கரையை உலகச் சுகாதார நிறுவனமும் தனியாகச் சேர்த்த சர்க்கரை மாதிரிதான் கணக்கிடுகிறது. சர்க்கரை வந்ததிலிருந்து அத்தை எட்டு வருஷம் பழமே தொடவில்லை. யாரோ கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அவருடைய டாக்டரிடம் நேராகக் கேட்டேன். முழுப் பழமாக, அளவாகச் சாப்பிடலாம், ஒரே நேரத்தில் அதிகம் வேண்டாம், சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டாம் என்றார். இப்போது தினமும் அரைக் கொய்யா. சித்திரையில் மாம்பழம் வரும்போது சேன்தலோனில் இரண்டு துண்டு. ஒரு வைரம் என்று அந்தப் பழத்துக்குப் பெயர், மாண்டலே பக்கத்திலிருந்து வருகிறது. முதல் துண்டை வாயில் வைத்துவிட்டு அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் என்னைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள், அவர்களுக்குப் பழம், கீரை எல்லாமே டாக்டரைக் கேட்டுத்தான். விளிம்பிப்பழத்தை, அதுதான் நட்சத்திரப்பழத்தை, அவர்கள் அறவே தொடக்கூடாது. கட்டுப்படி ஆகவில்லை என்றீர்கள். ஆப்பிள் எங்களுக்கும் ஆகாது. அந்தந்த மாதத்தில் குவிகிற பழம், இல்லையென்றால் வாழை, கொய்யா, பப்பாளி.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தோம். பந்தியில் மகன் இலையில் இருந்த பொரியல், கூட்டு, பச்சடி எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். எனக்கு அப்படி ஒரு பெருமை. உறவில் ஒரு பெரியம்மா, "பர்மாக்காரங்க இலை தழையெல்லாம் பச்சையாவே திம்பாங்களாமே" என்றார். பக்கத்தில் இருந்தவர், "தமிழ் நல்லாப் பேசுறீங்களே, எப்படி?" என்றார். எப்படி என்றால்? 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது எங்கள் தமிழ்ப் பள்ளிகளும் போயின. கோயில் மண்டபத்திலும் வீட்டுக் கூடத்திலும் ஆனா ஆவன்னா எழுதித்தான் எங்கள் அம்மாக்கள் இந்த மொழியை எங்களுக்குக் கொடுத்தார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் பதினாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பர்மா என்றால் அத்தோ என்கிற நூடுல்ஸ் மட்டும்தான் என்று நினைக்கிறவர்களிடம் இதை எங்கே போய்ச் சொல்வது? அந்த அத்தோகூட அதோக் என்ற சொல்தான், கையால் பிசைந்தது என்று பொருள். தேயிலை, இஞ்சி, தக்காளி, புளிச்சகீரை எல்லாவற்றிலும் இங்கே அதோக் உண்டு.

சரி, உங்கள் ஊரில் பொன்யேஜி கிடைக்காது. அது தீர்ந்துபோன நாட்களில் நான் செய்வது இது. மூன்று தக்காளியை நெருப்பில் சுட்டுத் தோலை உரித்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலையையும் இரண்டு தேக்கரண்டி எள்ளையும் வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரவென்று பொடியுங்கள். இரண்டு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், பூண்டு ஒரு பல் தட்டிப் போட்டு, உப்பு கொஞ்சம், எலுமிச்சை அரை மூடி, எல்லாவற்றையும் கையால் பிசையுங்கள். மிக்ஸியில் போட்டால் சட்னி ஆகிவிடும். சோறு பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால், எல்லோரும் பசியோடு இருக்கும்போது, தட்டையும் கிண்ணத்தையும் நடுவில் வைத்துவிட்டு நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டில் மிஞ்சுகிற காயை ராத்திரி சாம்பாரில் போட்டுவிடலாம்.